ஆசுபத்திரி அடுக்களைக்கு ஒரு சர்வகலாசாலைப் பட்டம்

சமையல் செய்பவருக்குச் சர்வகலாசாலைப் பட்டம் எதற்கு என்று நம்மவரிற் பலர் கேட்பர். மகன் ஹோட்டல் முகாமை கற்று வளைகுடா நாடொன்றிற் பெரிய ஹோட்டலில் அமர்ந்தால் ஊரெல்லாம் சொல்லி மகிழும் பெற்றோர், அதே மகன் அரசாங்க ஆசுபத்திரி அடுக்களைக்குப் பொறுப்பாளனானால் அதை மெல்லிய குரலிலேயே சொல்வர். அரசாங்க நிலையங்களில் உணவுப் பகுதியை நடத்துவோருக்கு விருந்தோம்பல் தலைமைத்துவத்திற் பட்டப் பின் படிப்பு வேண்டும் என்பதே எமது கருத்து. இதனை இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து நாடுகளின் அநுபவத்தைக் கொண்டு நோக்குவோம்.

கிரிமியாப் போர் நடந்துகொண்டிருந்த 1855 ஆம் ஆண்டில், அலெக்ஸிஸ் சோயர் என்னும் பிரெஞ்சுச் சமையற் கலைஞர் துருக்கியிலிருந்த ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். லண்டனில் ரிபோர்ம் கிளப் அடுக்களையை நடத்திப் பெரும் பெயர் பெற்றவர் அவர். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் அங்கே முன்னரே தொண்டாற்றிக் கொண்டிருந்தார். சோயர் கண்டது விசித்திரமான சமையல். இறைச்சித் துண்டுகளை இறுகக் கட்டி, இன்ன பிரிவினருடையது என்று அறியக் கந்தற்றுணி முதலியவற்றை அடையாளமாகச் சேர்த்து, பெருங் கொப்பரைகளில் ஒன்றாகப் போட்டு அவித்தார்கள். உள்ளே இருந்தது வேகவில்லை; சத்து இறங்கிய சாறோ வெளியே கொட்டப்பட்டது. சமைக்க வந்த சிப்பாய்கள் முறைக்கு முறை மாறியமையால், தொழில் பிடிபடுமுன்னரே போய்விடுவர். சோயர் கட்டுகளைத் தளர்த்துவித்தார், சாற்றைச் சூப்பாக்கினார், பயிற்சி பெற்ற நிரந்தரச் சமையற்காரர் வேண்டும் என்று வற்புறுத்தினார். நல்ல சமையல் கைத்திறனோடு நின்றுவிடுவதில்லை, ஆட்களையும் பொருளையும் நேரத்தையும் ஆளும் திறமையும் அதற்கு வேண்டும் என்பதை இதைவிட நன்றாக எவர் காட்டக்கூடும்? (திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுவதை மாணவர் இங்கு நினைவு கூரலாம்.)

அது பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. ஸ்கொத்லாந்தின் டண்டீ நகர வைத்தியசாலையொன்றில் அனுமதிக்கப்பட்ட 500 நோயாளரைச் சோதித்து 1994 இல் வெளியிட்ட ஆய்வில், 200 பேர் வரும்பொழுதே போசாக்குக் குறைந்தவராயிருந்தமை தெரியவந்தது. அதைவிடத் துயரமானது, தங்கியிருந்த காலத்திற் பலர் மேலும் மெலிந்தமையாகும். கைக்கெட்டாத தூரத்தில் வைத்த தட்டும், டொக்டர் பார்வையிட வரும் வேளையில் வந்து ஆறிப்போகும் சோறும் மருந்தைத் தோற்கடிக்க வல்லன.

2019 ஆம் ஆண்டிற் கேடு வேறு வழியாக வந்தது. இங்கிலாந்தின் சில வைத்தியசாலைகளில், வெளியிலிருந்து பொதிசெய்து வந்த சான்ட்விச்சுகளை உண்ட நோயாளர் லிஸ்டீரியா என்னும் கிருமியாற் பீடிக்கப்பட்டனர். ஐவருக்கு மேற்பட்டோர் இறந்தனர். குளிர்ப்பெட்டியின் குளிரிலும் மெல்ல வளரும் கிருமி அது. முதியோரையும் கர்ப்பிணிகளையும் நோய் எதிர்ப்புக் குன்றியோரையும் தேடிப் பிடிப்பது. அதன்பின் அமைக்கப்பட்ட, பிலிப் ஷெல்லி தலைமை வகித்த சுயாதீனக் குழுவின் அறிக்கை 2020 ஒக்டோபரில் வெளிவந்தது. 2022 இல் வந்த தேசிய நியமங்களின்படி, ஒவ்வொரு நிறுவனமும் உணவுக்குப் பொறுப்பான ஒரு பணிப்பாளரைச் சபை மட்டத்திற் குறிப்பிடல் வேண்டும். அடுக்களையினரின் சிக்கலான அறிவையும் திறனையும் மதித்தல் வேண்டும்.

அந்த அறிவு எத்தகையது? சமைத்துக் குளிரவைக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். வெந்த உணவை 90 நிமிடத்துள் 3 பாகைக்குக் குளிரச் செய்து, சமைத்த நாளுட்பட ஐந்து நாளுக்குள் மீளச் சூடாக்கிப் பரிமாற வேண்டும். விழுங்க இயலாதோருக்கு உணவின் பதம் பல படிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வாமை தரும் 14 பொருள்களைக் கண்காணிக்க வேண்டும். இவை எல்லாம் தெரிந்த மேற்பார்வையாளர், கணக்காளர் செலவைக் குறைக்கச் சொல்லும்பொழுது, எந்த வெட்டு ஆபத்து, எது ஆபத்தன்று என்று எழுத்திலும் எண்ணிலும் வாதாடத் தெரியாதவராயின் தோற்றுப்போவார். பட்டப் பின் படிப்பின் தேவை அந்த இடத்திலேதான் பிறக்கிறது.

பிரிட்டிஷ் சர்வகலாசாலைகள் விருந்தோம்பல் முகாமையில் முதுமாணிப் பட்டங்கள் வழங்குவது புதிதன்று. ஆனால் அவற்றின் நோக்கு பெரும்பாலும் ஹோட்டலே. ஹோட்டல் விருந்தினர் விரும்பி வருவார், பிடியாவிட்டால் வேறிடம் போவார். நோயாளி அவ்வாறு போக முடியாது; சிறைவாசியோ கேட்கவே வேண்டியதில்லை. ஆகவே பொதுத் துறையினருக்கான பாடத்திட்டம் அறை வாடகையைக் கூட்டும் வித்தையை விட்டு, போசாக்கு, கேள்விப்பத்திரம், ஒப்பந்தம், ஊழியர் உறவு ஆகியவற்றைத் தொடுதல் நன்று. ஆய்வுக் கட்டுரைக்கும் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு வாட்டிலிருந்து திரும்பி வரும் தட்டுகளை ஒரு மாதம் நிறுத்து, எது உண்ணப்படவில்லை, ஏன் என்று எழுதினாலே போதும்.

அங்கே பட்டப் பின் சான்றிதழுக்கு 60 புள்ளிகள், டிப்ளோமாவுக்கு 120, முதுமாணிக்கு 180. ஒரு புள்ளிக்குப் பத்து மணித்தியாலப் படிப்பு என்பது கணக்கு. சான்றிதழ் மட்டுமே 600 மணித்தியாலம்! விடியுமுன் அடுக்களை திறப்பவருக்கு இது இலேசன்று. முதற் பட்டமில்லாதோரை அநுபவங் கருதிச் சேர்க்கும் சர்வகலாசாலைகள் உண்டு என்பது ஒரு ஆறுதல்.

பணந்தான் இப்பொழுது பெரிய தடை. 2017 முதல் பெரிய தொழில் வழங்குவோர் செலுத்திவந்த பயிற்சி வரியைக் கொண்டு, முதுமாணி மட்டமாகிய ஏழாம் படித் தொழிற்பயிற்சியை வேலை செய்துகொண்டே பெற வழியிருந்தது. 2026 ஜனவரி முதல் இங்கிலாந்தில் அந்த உதவி, புதிதாகச் சேருவோரிற் பெரும்பாலும் 16 முதல் 21 வயதுடையோருக்கே என்று சுருக்கப்பட்டுவிட்டது. இளைஞருக்கு வாய்ப்பளிப்பதை நாம் குறை கூறோம். ஆயினும் ஆசுபத்திரி அடுக்களையைத் தலைமை தாங்கி நடத்தும் ஒருவர் இருபத்தொரு வயதில் அந்த இடத்துக்கு வருவது அரிது. இருபது ஆண்டு கொப்பரையருகே நின்று, நாற்பதைக் கடந்தபின் படிக்க விரும்புபவர், இனிக் கடன் எடுக்க வேண்டும். அல்லது அவரை வேலைக்கு வைத்திருக்கும் வைத்தியசாலை தன் பணத்திலிருந்து கட்டணத்தைச் செலுத்த மனம் வைக்க வேண்டும்.