அரிதாரம் மாறிற்று, கூலி மாறவில்லை!

ஒரு முதலாளி. அவனுக்குப் பெரியதோர் ஆலை. தொழில் இரகசியம் திருட்டுப் போகிறது, ஒற்றர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று ஒரு நாள் அறிவிக்கிறான். திருடியவன் எவன் என்ற விசாரணை உண்டா? இல்லை. குற்றச்சாட்டுக் குறிப்பு உண்டா? அதுவும் இல்லை. குற்றமற்றவன், குற்றவாளி என்ற பேதமின்றி அத்தனை தொழிலாளரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டுகிறான். சில காலம் கழிகிறது. புகைபோக்கியிலே மீண்டும் புகை! ஆலை ஓடுகிறது. ஆனால் பூட்டிய கதவு பூட்டியபடியே இருக்கிறது. உள்ளே போவாரும் இல்லை, வெளியே வருவாரும் இல்லை.

சங்கத்திலே சந்தா கட்டிப் பத்து நாள் ஆனவனைக் கேட்டாலும் சொல்லுவான், இதற்குப் பெயர் கதவடைப்பு என்று. ஆனால் தோழர்களே, இது ஆலை வழக்கு அல்ல, குழந்தைகள் கதை! ரொஆல்டு டால் என்ற எழுத்தாளர் எழுதி, 1964-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'சார்லியும் சாக்லெட் தொழிற்சாலையும்' என்ற நூலிலே வருவது. முதலாளியின் பெயர் வில்லி வோன்கா. சாக்லெட் ஆறு, இனிப்புப் புல்வெளி என்று வியப்பு மேல் வியப்பாக அடுக்கப்பட்ட கதை. நாமும் படித்தோம், சிரித்தோம், அதை மறைப்பானேன்?

பூட்டிய ஆலைக்குள்ளே உழைப்பவர்கள் யார் என்பதுதான் நம் கேள்வி. உம்ப்பா-லூம்ப்பாக்கள் என்று ஓர் இனம். முழங்கால் உயர மனிதர்கள். 1964-இன் பதிப்பிலே இவர்கள் ஆப்பிரிக்கக் காட்டின் நடுவிலிருந்து வந்த கருநிறப் பிக்மிகள்! வெள்ளைக்கார வோன்கா காட்டுக்குப் போகிறார். அங்கே அவர்கள் பச்சைப் புழுவை அரைத்துத் தின்று கொண்டிருக்கிறார்கள். கோக்கோக் கொட்டைக்காக ஏங்குகிறார்கள். "என் ஆலைக்கு வாருங்கள், கொட்டையே கூலி" என்கிறார். மகிழ்ச்சியோடு வருகிறார்களாம்! எப்படி? காற்றுக்குத் துளையிட்ட மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு! புதுத் தின்பண்டங்களின் சோதனையும் இவர்கள் உடம்பிலேதான். இருபது பேருக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்துப் பார்த்தார், இருபது பேரும் நீலப் பழமாக உருண்டார்கள் என்று கதை வேடிக்கையாகச் சொல்லுகிறது.

கற்பனைதானே என்பார் உண்டு. பிக்மி என்பவர் கற்பனை அல்லவே! ஓட்டா பெங்கா என்ற கொங்கோ நாட்டு இளைஞரை 1904-இல் செயின்ட் லூயி கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். 1906-இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையிலே, குரங்குக் கூடத்திலே வைத்துக் காட்டினார்கள். கருப்பினப் பாதிரிமார்கள் கொதித்தெழுந்து மீட்டார்கள். 1916-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். டால் பிறந்ததும் அதே ஆண்டு. பெட்டியில் அடைபட்ட பிக்மியைப் படித்த கருப்பினத் தாய்க்கு எது நினைவுக்கு வந்திருக்கும்?

அதனால்தான், படம் எடுக்கப் போகிறார்கள் என்ற சேதி வந்ததும் எதிர்ப்புக் கிளம்பிற்று. 1909-இல் தோன்றிய அமெரிக்கக் கருப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. கண்டித்தது. படத்தார் பணிந்தனர். 1971-இல் வெளிவந்த படத்திலே லூம்ப்பாக்களுக்கு ஆரஞ்சு நிற முகம், பச்சைத் தலைமயிர்! எந்த நாட்டானும் "இது என்னைக் குறிக்கிறது" என்று சொல்ல முடியாத நிறம். 1973-இல் டால் நூலையும் திருத்தினார். ஆப்பிரிக்கா போயிற்று, 'லூம்ப்பாலாந்து' வந்தது. கருந்தோல் போயிற்று, இளஞ்சிவப்பு வெண்தோலும் பொன்மயிரும் வந்தன. தமக்கு இனவெறி நோக்கமே இல்லை என்றார் டால். இருக்கலாம்; அவர் உள்ளத்தை அளக்க நம்மிடம் படி இல்லை.

போராடியவர்கள் பெற்றது வெற்றிதான். அதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். மாறியது அரிதாரம். மரப்பெட்டி மாறிற்றா? கொட்டைக் கூலி மாறிற்றா? துரத்தப்பட்ட தொழிலாளிக்கு வேலை திரும்பிற்றா? கருப்பனுக்குக் கொட்டை கூலியானால் அநீதி, வெள்ளைக் குள்ளனுக்கானால் நகைச்சுவையோ?

இன்னொரு சேதி, பலரும் அறியாதது. கதையின் நாயகன் சார்லி இருக்கிறானே, ஏழைச் சிறுவன், முடிவில் ஆலைக்கே உரியவன் ஆகிறவன், அவனை முதலில் கருப்பினச் சிறுவனாகத்தான் டால் எழுதினார் என்று 2017-இல் அவருடைய துணைவியாரே சொன்னார். வேண்டாம் என்று தடுத்தவர் நூல் விற்பனையைக் கவனித்த முகவராம். ஆக, ஆலைக்கு வாரிசாக வந்த கருப்பன் அச்சேறுமுன்பே வெள்ளையனானான். பெட்டியில் வந்த கருப்பன் மட்டும் ஒன்பது ஆண்டு கருப்பனாகவே இருந்தான்!

கொட்டைக் கூலி வானத்திலிருந்து விழுந்த கற்பனையா? டால் படித்த ரெப்டன் பள்ளிக்குக் கேட்பரி கம்பெனி புதுச் சாக்லெட்டுகளை அனுப்பி, மாணவரைச் சுவைத்து மதிப்பெண் போடச் சொல்லும். கதையின் விதை அதுவே என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கம்பெனி முன்னாளில் போர்த்துகீசியர் ஆண்ட சான் தோமே தீவிலிருந்து கோக்கோ வாங்கிற்று. அத்தீவில் உழைத்தவர்கள் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கருப்பர்கள். காகிதத்திலே ஒப்பந்தக் கூலிகள். ஊர் திரும்பும் உரிமை காகிதத்தோடு சரி. 1901 முதலே கம்பெனிக்குத் தகவல் எட்டிற்று. வாங்குவதை நிறுத்தியது 1909-இல்! இடையிலே 'ஸ்டாண்டர்டு' நாளேடு இதைச் சாடியபோது மான நஷ்ட வழக்குத் தொடுத்தார்கள், வென்றார்கள். ஜூரிகள் கொடுத்த நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு பார்திங். கால் பென்னி!

இன்று? கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் 2018-19 அறுவடைப் பருவத்திலே கோக்கோ வேலையில் ஈடுபட்ட குழந்தைத் தொழிலாளர் 15 இலட்சத்து 60 ஆயிரம் பேர் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இனி வெள்ளித்திரையின் ஆள்குறைப்புக்கு வருவோம். 1971-இல் குள்ள நடிகர் பலருக்கு லூம்ப்பா வேடத்தால் பிழைப்பு நடந்தது. 2005-இல் மறுபடி எடுத்தார்கள்; நைரோபியில் பிறந்த இந்திய வமிசத்தவரான தீப் ராய் ஒருவரையே நடிக்கவைத்து, நூற்றறுபத்தைந்து பேராகப் பெருக்கிக் காட்டினார்கள். வோன்கா காட்டுக்குப் போய்த் தலைவனிடம் பேரம் பேசுகிறார், பழுப்பு நிற மனிதர் கொட்டைக்குக் கைகட்டுகிறார். பழைய பதிப்பு பின்வாசல் வழியே திரும்பிற்று. 2023-இல் வந்த 'வோன்கா' படத்திலோ குள்ள நடிகரே தேவைப்படவில்லை. ஹியூ கிராண்டு என்ற நெட்டை நட்சத்திரத்துக்கு ஆரஞ்சு பூசி, இயந்திரத்தால் சுருக்கிவிட்டார்கள்! எங்கள் பிழைப்பிலே மண் போட்டீர்களே என்று குள்ள நடிகர்கள் முறையிட்டது நியாயம். நிறத்தைப் பற்றி அத்தனை கவனமாக இருந்தவர்கள் வயிற்றைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆனாலும் அந்தப் படத்திலே ஒரு மாறுதல். வோன்கா வள்ளலாகக் காட்டுக்குப் போகவில்லை. லூம்ப்பாலாந்தில் சில கோக்கோக் கொட்டைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். காவல் இருந்த லூம்ப்பாவை அவன் இனத்தார் துரத்திவிட்டார்கள். அந்தச் சின்ன மனிதன் கடன்காரனைத் தேடிக்கொண்டு பட்டணத்துக்கே வருகிறான். ஒன்றுக்கு ஆயிரமாக வட்டியோடு கேட்கிறான். கொட்டை யாருடையது என்று ஏறத்தாழ அறுபது ஆண்டுக்குப் பிறகு அந்தக் கதையிலே ஒரு குரல் கேட்டது. கொட்டகையிலே நாம் அந்த இடத்தில் கை தட்டினோம். பக்கத்து இருக்கைச் சிறுவன், பாட்டுக்கூட இல்லையே, எதற்குத் தட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தான்.