நெடுநல்வாடையிற் புண்பட்டோர்

மாரிக்காலத்து வாடை வடமராட்சி மக்களுக்குப் புதியதன்று. சோளகம் ஓய்ந்து, ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து, மார்கழியில் வடக்கிலிருந்து குளிர்காற்று வீசுங்கால், உடுப்பிட்டியில் முதியோர் சால்வையைப் போர்த்துக்கொண்டு திண்ணையை விட்டு உள்ளே செல்வர். அக்காற்றில், வாளால் வெட்டுண்ட புண்ணோடு ஒருவன் பாசறையிற் கிடப்பானாயின் அவன் நிலை யாதாகும்? இவ்வினாவை நெஞ்சில் வைத்துக்கொண்டே பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையைப் படித்தல் வேண்டும். அன்றேல் அப்பாட்டு அரண்மனை வருணனையாகவும் அரசன் புகழாகவும் மட்டுமே தோன்றி மறையும். தேர்வுக்குப் படிப்போர் பலர்க்கு அவ்வாறே தோன்றியும் வருகின்றது.

இதனைப் பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். பாட்டுடைத் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. 188 அடிகளையுடைய இப்பாட்டு, உ. வே. சாமிநாதையர் 1889 ஆம் ஆண்டில் வெளியிட்ட பத்துப்பாட்டுப் பதிப்பின் வாயிலாக அச்சில் வந்து பலர் கையை எட்டியது.

பாட்டின் பெரும்பகுதி போர்க்களத்தைக் கூறுவதன்று. மழையால் இடம்பெயர்ந்து குளிர்காயும் ஆயர், நடுங்கும் குரங்கு, பின்னர் நகரம், பின்னர் அரண்மனை, அதனுள்ளே கணவனைப் பிரிந்த அரசி என ஒன்றனுள் ஒன்றாகப் புலவர் நம்மை அழைத்துச் செல்கின்றார். அரசி கிடக்குங் கட்டிலைப் புலவர் நின்று நிதானமாக வருணிக்கின்றார். அக்கட்டிலின் கால்கள், நாற்பது ஆண்டு நிரம்பிப் போரிற் பொருது மடிந்த யானையின் கொம்பாற் செய்யப்பட்டவை. கற்போர் பெரும்பாலும் இதனைச் செல்வச் சிறப்பென்று எண்ணிக் கடந்துவிடுவர். ஆனால் மடிந்த யானையொன்று அரண்மனையின் நடுவே, உறக்கமின்றிக் கிடக்கும் பெண்ணொருத்தியின் கட்டிலைத் தாங்கி நிற்கின்றது என்பதன்றோ புலவர் சொல்வது! போர் தொலைவில் நடக்கின்றது. அதன் எலும்பு வீட்டினுள்ளே கிடக்கின்றது.

மேற்கட்டியில் எழுதப்பட்ட உரோகிணியையும் அவளைப் பிரியாத திங்களையும் நோக்கி அரசி பெருமூச்செறிகின்றாள். இவள் துயர் தீரும்படி வெற்றி தந்து இப்போர் இப்பொழுதே முடிவதாக என்று கொற்றவையை நோக்கி வேண்டுதல் எழுகின்றது. உடனே பாட்டு பாசறைக்குத் தாவுகின்றது.

நள்ளிரவு. போர் பயின்ற யானையின் துதிக்கை நிலத்திற் புரளுமாறு வெட்டி வீழ்த்திய வீரர் தாமும் வாட்புண்பட்டுக் கிடக்கின்றனர். அவரைக் காண்பதற்கு அரசன் புறப்பட்டு வருகின்றான். வாடை எறியுந்தோறும் விளக்குகளின் சுடர் தெற்கு நோக்கிச் சாய்கின்றது. வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன்னே சென்று, புண்பட்டோரை முறைமுறையாகக் காட்டுகின்றான். சேற்றுத் தெருவில் நிற்குங் குதிரைகள் தம்மேல் விழுந்த துளிகளை உதறுகின்றன. நழுவும் ஆடையை ஒரு கையால் அணைத்து, மறு கையை ஓர் இளவீரன் தோளில் வைத்து, முகமலர்ச்சியோடு அரசன் நடக்கின்றான். வெண்குடைமேல் மழைத்துளி ஒலிக்கின்றது. அரசியின் வட்டக் கட்டிலைக் குறிக்க வந்த 'பாண்டில்' என்ற சொல்லே, இங்கே புண்பட்டோர் நடுவில் எரியும் விளக்கையும் குறிக்க வருகின்றது. இது தற்செயலாயும் இருக்கலாம். ஆயினும் அங்குமிங்கும் உறங்காத ஒருவரைக் காட்டும் பாட்டில், அச்சொல் இருமுறை வருவது செவியில் தங்குகின்றது.

வேலிற் கட்டிய வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அதுபற்றியே, பிரிவைப் பாடும் இப்பாட்டு அகமாகாது புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். வாகைத்திணையுள் கூதிர்ப்பாசறை என்னுந் துறையில் அதனை அடக்கினார். பாட்டின் பெயருக்கும் அவர் பொருள் கூறினார்: பிரிந்திருக்கும் அரசிக்கு ஒருபொழுது ஓரூழிபோல் நீண்டதாதலின் நெடிய வாடை, இன்பத்தில் மனம் வையாது வினைமேற் சென்றிருக்கும் அரசனுக்கு நல்ல வாடை. நுண்ணிய உரைதான். எனினும், மூன்றாமவர் ஒருவர் உளர். புண்ணிற் குளிர் ஏறக் கிடக்கும் வீரனுக்கு அவ்வாடை நெடியதா, நல்லதா? பாட்டின் பெயரில் அவனுக்கு அடைமொழி இல்லை. பாட்டினுள்ளும் அவனுக்குப் பெயரில்லை, பேச்சுமில்லை. அவன் புண் மட்டுமே பேசப்படுகின்றது.

ஆகவே இதனைப் போரை வெறுத்துப் பாடிய பாட்டென்று துணிந்து கூறுதல் பொருந்தாது. அவ்வகைக்கு நேர்ச்சான்று வேண்டுவோர் கோவூர்கிழாரிடம் செல்லல் வேண்டும். ஆவூர்க் கோட்டையை அடைத்திருந்த நெடுங்கிள்ளியிடம், பாலின்றி அழுங் குழந்தைகளையும் பூவின்றி வறுந்தலையராய் நிற்கும் மகளிரையும் எடுத்துக்காட்டி, கதவைத் திற அல்லது போர் செய் என்றார் (புறம் 44). உறையூர் முற்றுகையில், இருவரில் யார் தோற்பினும் தோற்பது சோழர்குடியே என்றார் (புறம் 45). மேனாட்டில் வில்பிரட் ஓவென் 1917 இல் நச்சுப்புகையால் மூச்சடைத்து மடியும் வீரனைப் பாடி, நாட்டுக்காக இறத்தல் இனிதென்று பிள்ளைகளுக்குக் கூறும் பழம்பொய்யை நேர்முகமாகவே கண்டித்தார். 1918 நவம்பர் 4 ஆம் நாள், போர்நிறுத்தத்துக்கு ஒரு கிழமை முன்னர், களத்தில் மடிந்தார். நக்கீரர் எவரையுங் கண்டிக்கவில்லை. வெற்றிபெறும் அரசனை உறங்கவிடாது, புண்களின் முன்னே ஒவ்வொன்றாக நிறுத்துகின்றார், அவ்வளவே.

1987 மே மாதத்துப் படை நடவடிக்கையைக் கண்டு, 2009 வரை போரோடு வாழ்ந்த வடமராட்சியில், இன்றைய மாணவர் பலர் அதன் பின்னர்ப் பிறந்தோர். ஆசிரியரும் பெற்றோரும் அதனை அறிந்தோர். ஒரே வகுப்பறையில் இப்பாட்டு ஒருவர்க்கு உரைநூற் செய்தியாகவும் மற்றவர்க்கு நினைவாகவும் ஒலித்தல் கூடும்.

முல்லைப்பாட்டிலும் பாசறையில் அரசன் உறங்காது, புண்பட்ட யானைகளையும் மடிந்த வீரரையும் அம்பு தைத்துப் புல்லுண்ணாத குதிரைகளையும் எண்ணியிருக்கின்றான். ஆயின் அங்கே வெற்றி வருகின்றது. தேர் வீடு திரும்புகின்றது. காத்திருந்தவள் செவியில் அதன் ஒலி விழுகின்றது. நெடுநல்வாடையில் தேர் திரும்பவில்லை. சிலரோடு திரியும் அரசன், பலரோடு பகைத்த பாசறை என்னுமிடத்திற் பாட்டு நின்றுவிடுகின்றது. பொழுது இன்னும் விடியவில்லை.