மரைக்குழியில் அந்த எண்ணை யார் அளந்தது?

மரை உருட்டலுக்கான சிமுலேஷன் ரிப்போர்ட்டை இந்த மாத இறுதிக்குள் தரவேண்டும் என்று போல்ட் வாங்கும் நிறுவனங்கள் கெடு வைத்திருப்பதாகப் பட்டறை நடத்தும் வாசகர்கள் எழுதுகிறார்கள். கடிதங்களில் ஒரே குழப்பம்: ரிப்போர்ட்டில் மரைக்குழி சிவப்பாகத் தெரியும் படத்தை நம்பலாமா?

சிமுலேஷன் என்றால் 'டைக்குள் நடப்பதை அப்படியே காட்டுவது' என்பது மென்பொருள் விற்பவர்கள் தரும் விளக்கம். அது மிகை. உலோகம் எவ்வளவு உருமாறினால் எவ்வளவு எதிர்க்கும் என்று ஒரு வளைகோட்டை நாம் கொடுக்கிறோம்; மென்பொருள் அதன் விளைவைக் கணக்கிடுகிறது. வளைகோடு எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல்.

பெரும்பாலும் இழுவைச் சோதனையிலிருந்து. கம்பி சிறிது தூரம் சீராக நீளும். பிறகு ஓரிடத்தில் கழுத்துபோல் ஒடுங்கிவிடும். அந்தக் கட்டம் எப்போது வரும் என்பதை கான்சிடேர் என்ற பொறியாளர் 1885-லேயே வரையறுத்துவிட்டார். மென் எஃகில் மெய்த்திரிபு (உருமாற்றத்தின் அளவு) சுமார் 0.2-ஐ எட்டும்போது அது வந்துவிடும்; அதற்குமேல் சோதனையின் நேரடி அளவுகள் செல்லாது. மரைக்குழியின் மேற்பரப்பிலோ திரிபு 1-ஐ எளிதாகத் தாண்டுகிறது. நடுவே உள்ள தூரம் முழுவதையும் ஒரு சமன்பாடு நிரப்புகிறது.

எந்தச் சமன்பாடு? ஹாலமன் (1945) கோடு ஏறிக்கொண்டே போகும். வோசே (1948) கோடு ஒரு மட்டத்தில் அடங்கிவிடும். 0.2 வரை இரண்டும் ஒட்டியே செல்லும். ஹாலமன் கெழு 700 மெகாபாஸ்கல், அடுக்கு 0.2 என்று ஓர் எஃகை வைத்துக் கணக்குப் போட்டேன். திரிபு 1.5-இல் ஹாலமன் சுமார் 760 என்கிறது. அதே தொடக்கப் பகுதிக்குப் பொருத்திய வோசே 600-ஐத் தொடவில்லை. சோதனை ஒன்று, விடை இரண்டு! உருட்டு விசை, டையின் ஆயுள், மரைக்குழியில் தங்கிவிடும் அமுக்கத் தகைவு எல்லாமே இந்த விடையைப் பொறுத்தவை. அந்த அமுக்கத் தகைவைக் காட்டித்தான் போல்ட் சோர்வைத் தாங்கும் என்று உறுதி தருகிறார்கள். ஓடும் வண்டியின் சக்கர போல்ட்டுக்கும் இதே உறுதிதான் என்பதால் இதை லேசாக விட எனக்கு மனமில்லை. அமுக்கச் சோதனையோ முறுக்குச் சோதனையோ செய்து, பெரிய திரிபு வரை அளந்த வளைகோடா என்று எழுத்தில் கேளுங்கள்.

வாசகர்களின் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பிளாங்க் விட்டத்துக்கு சிமுலேஷன் வேண்டுமா? பருமன் மாறாது என்பதால் பிட்ச் விட்டத்தை ஒட்டியே அமையும். எம்10 பெருமரைக்குப் பிட்ச் விட்டம் 9.026 மி.மீ.

உராய்வு எண்? அளந்ததா, விடைக்குப் பொருந்த வைத்ததா என்று பாருங்கள்.

மரைமுகட்டு மடிப்பு தெரியுமா? மெஷ் நுண்மையாக இருந்தால் மட்டும்.

ஐஎஸ்ஓ 898-1 இந்த ரிப்போர்ட்டைக் கேட்கிறதா? இல்லை, அது கேட்பது இயந்திரப் பண்புச் சோதனைகளை.

ரிப்போர்ட் இருந்தால் சோர்வுச் சோதனையை விட்டுவிடலாமா? கூடாது.