கோழி என்ன தின்றது என்று கேளுங்கள்

திருப்பூர்ப் பக்கத்துச் சந்தைகளில் நாட்டுக்கோழி முட்டைக்குப் பண்ணை முட்டையைவிட இரண்டு மடங்கு விலை சாதாரணம். "நாட்டு முட்டைதானுங்களா?" என்று வாங்குகிறவர் கேட்பார். "நம்ம தோட்டத்துக் கோழிங்க" என்று பதில் வரும். அதற்குமேல் சோதித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்த வழி ஓட்டின் நிறம் மட்டும்தான். பழுப்பாக இருந்தால் நாடு, வெள்ளையாக இருந்தால் பண்ணை. இதைப்போல ஏமாற்றுவதற்கு எளிதான சோதனை வேறில்லை.

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. வளர்ந்த விதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு படிவதற்கே போய்விடும். பழுப்பு இனங்களில் நிறமி பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில்தான் மேலே ஏறுகிறது. நாமக்கல் பண்ணைகளில் பெருவாரியாக உள்ள வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள் வெள்ளை முட்டை இடும். ரோடு ஐலண்டு ரெட் வழிவந்த கலப்பினங்களோ வாழ்நாள் முழுவதும் கூண்டில் கிடந்தாலும் பழுப்பு முட்டைதான் இடும். நம்மூர் நாட்டுக்கோழி இனமான சிறுவிடையின் முட்டை பெரும்பாலும் வெளிர் சந்தன நிறம்தான். வெள்ளை முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் போட்டு நிறமேற்றி விற்ற செய்திகளும் வந்திருக்கின்றன. சாயத்தொழில் ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தையை விளக்க வேண்டியதில்லை.

உடைத்துப் பார்த்து, கரு ஆரஞ்சு நிறமாக இருந்தால் சத்து அதிகம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த நிறம் மக்காச்சோளம், கீரை, புல் ஆகியவற்றிலுள்ள சாந்தோபில் நிறமிகளிலிருந்து வருகிறது. செண்டுமல்லிப் பூவிலும் அது ஏராளம். அந்தப் பூவிலிருந்து எடுத்த சாறு கோழித்தீவனத்தில் சேர்க்கப்படுவதால், கூண்டுக்கோழியின் கருவையும் வேண்டிய அளவுக்குச் சிவக்க வைக்கலாம். வீட்டுக்கோழிக்கு வெள்ளைச் சோளத்தை மட்டும் இறைத்துப் பச்சையே காட்டாமல் அடைத்து வைத்தால் கரு வெளிறித்தான் இருக்கும்.

சத்து விஷயத்தில் புரதம் கிராமுக்குக் கிராம் ஏறக்குறைய சமம். பண்ணை முட்டை 50 கிராமுக்கு மேல் இருக்கும், சிறுவிடை முட்டை 40 கிராம் அளவில் நிற்கும். ஆகவே ஒரு முட்டைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் நாட்டு முட்டையில் புரதம் சற்றுக் குறைவுதான். உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. வெயிலில் திரியும் கோழியின் முட்டையில் வைட்டமின் டி கூடுகிறது. பச்சை மேய்ந்தால் வைட்டமின் ஈயும் ஒமேகா-3 கொழுப்பும் கூடுகின்றன. இவை மேய்ச்சலால் வருபவை. அதே சிறுவிடையைக் கொடாப்பிலேயே கவிழ்த்து வைத்திருந்தால் இவை வராது.

பெரியவளான பிள்ளைக்கு நாட்டு முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயோடு கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். பெல்ஜியத்தில் 1998-இல் வெளியான ஆய்வொன்றில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் 51 சதவீதம்தான் செரித்தது. சால்மொனெல்லா கிருமியின் ஆபத்து தனி. அதே முட்டையை அவித்துக் கொடுத்தால் பிள்ளைக்கு ஏறக்குறைய இரட்டிப்புப் புரதம் சேரும்.

சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடாது என்பது இன்னொரு நம்பிக்கை. இடும், குஞ்சுதான் பொரிக்காது. கருவில் தெரியும் ரத்தப்புள்ளியும் குஞ்சின் தொடக்கம் அல்ல. கரு சினைப்பையிலிருந்து பிரியும்போது உடைந்த நுண்குழாயின் கசிவு அது. ஆனால் சேவலோடு திரியும் பெட்டையின் முட்டையை நம்மூர்ச் சித்திரை வெயிலில் வெளியே போட்டு வைத்தால், அடை வைக்காமலே உள்ளே வளர்ச்சி தொடங்கிவிடக்கூடும். அன்றன்று எடுத்துவிட வேண்டும். எடுத்ததைக் கழுவி வைக்கவும் கூடாது. கிருமி நுழையாமல் ஓட்டின் துளைகளை மூடியிருக்கும் மெல்லிய படலம் கழுவினால் போய்விடும்.

நாட்டுக்கோழியைப் புகழ்கிறவர்கள் அடுத்த மூச்சில் பிராய்லரைத் திட்டுவார்கள். "ஊசி போட்டு வளர்க்கிறாங்க" என்பது பல்லடம், உடுமலை வட்டாரத்திலேயே கேட்கும் பேச்சு. 1984-இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் ஒப்பந்தப் பண்ணை முறையை நாடெங்கும் பரப்பியது இங்கிருந்துதான். ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்து ஹார்மோன் ஊசி போடுவது கட்டுப்படியாகிற வேலையே அல்ல. வளர்ச்சியின் ரகசியம் தலைமுறை தலைமுறையாகச் செய்த இனத்தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி ரகங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தது. 56-ஆம் நாளில் அவற்றின் எடை முறையே சுமார் 900 கிராம், 1,800 கிராம், 4,200 கிராம். கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றி. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினை உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2019-இல்தான் தடை விதித்தது.

நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்பதையும் கோடையில் வெள்ளைக்கழிச்சல் பொய்யாக்கிவிடும். தடுப்பூசி போடாத கோழிகளை ஒரே வாரத்தில் பட்டியோடு துடைத்துவிடும் நோய் அது. கால்நடைத் துறையின் கழிச்சல் தடுப்பூசி முகாம் பிப்ரவரியில் நடப்பது அதற்காகத்தான்.

வீட்டுக்கோழி என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் பெரியது. கோழி மண்ணைக் கிளறித் தின்கிற பிராணி. மண்ணில் இருப்பது முட்டைக்கு வரும். சிட்னி நகர வீட்டுக்கோழிகளின் முட்டைகளில், கடை முட்டைகளைப்போல 40 மடங்கு ஈயம் இருந்ததாக 2022-இல் ஆய்வு வெளியானது. நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2025 ஏப்ரலில் வீட்டுக்கோழி முட்டைகளைச் சாப்பிட வேண்டாம் என்று நாடு முழுவதற்கும் அறிவுறுத்தியது. காரணம் பிஎஃப்ஏஎஸ் என்ற வேதிப்பொருள் குடும்பம். தண்ணீர் ஒட்டாத துணிகளுக்குப் பூசப்படுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இது திருப்பூர்க்காரர்கள் கவனித்துப் படிக்க வேண்டிய செய்தி. நொய்யலில் ஓடிய சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நிலங்களைக் கெடுத்த கதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். பனியன் வேஸ்ட் எரித்த சாம்பல்மேடு, பட்டறைக் கழிவு கொட்டிய இடம், பழைய பெயின்ட் உதிரும் சுவரோரம் ஆகியவற்றில் கோழியை மேயவிடக் கூடாது. நூல் துண்டுகளையும் பொறுக்கிவிட வேண்டும். குஞ்சின் காலில் சுற்றி இறுகினால் விரலே போய்விடும்.

அடுத்தமுறை முட்டை வாங்கும்போது நிறத்தை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: கோழி எங்கே மேய்கிறது, தீனி என்ன போடுகிறீர்கள், முட்டை எடுத்து எத்தனை நாளாகிறது? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவருக்கு இரண்டு மடங்கு விலையும் கொடுக்கலாம், முட்டை வெள்ளையாகவே இருந்தாலும்.