குடைக்கம்பியும் இன்பாக்ஸும்

எங்கள் லயக் காம்பராவில் கடிதத்துக்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று முருகன் படத்துக்குப் பின்னால். மற்றது வாசல் இஸ்தோப்பில் தொங்கிய குடைக்கம்பி. ஓட்டைக் குடையிலிருந்து உருவிய கம்பியை ஒரு முனையில் கொக்கியாக வளைத்து, உத்தரத்து ஆணியில் மாட்டியிருந்தார் தாத்தா. பதில் போட வேண்டிய கடிதம் படத்துக்குப் பின்னால் போகும். பதில் போட்டாயிற்றென்றால் கம்பியில் குத்திவிடுவார். விளக்கேற்றும்போதெல்லாம் படத்தின் ஓரத்தில் நீலக் கடிதம் எட்டிப் பார்க்கும். ஆத்தா விடமாட்டாள்: "தம்பிக்கு இன்னும் காயிதம் போடலியே?"

இலங்கையில் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. லயத்துக்குக் கதவிலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயர்தான் எல்லாருக்கும் முகவரி. தபால் கந்தோரிலிருந்து தப்பால்காரர் பையைச் சுமந்துகொண்டு வருவார். ஆபீசில் கிளாக்கர் பிரிப்பார். தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கில் மூன்று முனியாண்டிகள் இருந்தால், எந்தக் கங்காணியின் ஆள் என்று பார்த்துத்தான் கடிதம் யாருக்கென்று முடிவாகும். காலையில் ஆள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தால் நல்ல காலம். கணக்கப்பிள்ளையின் சட்டைப் பையிலேயே இரண்டு நாள் தூங்கிவிட்டு வருவதும் உண்டு.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, இந்திய வம்சாவளியினரான எங்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று தலைகளை எண்ணிப் பிரித்த பிறகு, அந்தத் தூக்கம் சின்ன விஷயமாக இல்லை. யார் எந்தக் கரையில் வாழ்வது என்பதே ஒரு தாளில் வந்தது. அதனால் பழைய காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நமக்கு வந்ததை நமக்கு முன்னால் நாலு பேர் தொட்டார்கள், சில சமயம் படித்தும் பார்த்தார்கள். ஆனாலும் கைக்கு வந்த கடிதம் எங்கே போக வேண்டும் என்பதில் தாத்தாவுக்குக் குழப்பம் இருக்கவில்லை. அவருக்கு எழுத்தும் தெரியாது. படித்துச் சொன்னது நான்.

போன வருஷம் தங்கச்சி மகள் போனை நீட்டினாள். "மாமா, இன்டர்வியூ முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. மெயில் வந்தது இப்பதான் தெரியுது." திறந்து பார்த்தேன். படிக்காதது எட்டாயிரத்துச் சொச்சம். மின் கட்டண பில், வங்கி அறிவிப்பு, செல்போன் கம்பனி விளம்பரம், ஒன்லைன் வகுப்பு, எப்போதோ ஒரு சட்டை வாங்கிய கடையின் தள்ளுபடி. அந்த அழைப்பு "விளம்பரங்கள்" என்ற தட்டில் போய் ஒதுங்கியிருந்தது. கணக்கப்பிள்ளையின் பை என்றுதான் நினைத்துக்கொண்டேன். இந்தக் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சண்டை பிடிக்கவும் முடியாது.

2004 ஏப்ரலில் ஜிமெயில் 1 ஜிபி இடத்தோடு வந்தபோது, இனி எதையும் அழிக்க வேண்டாம் என்பதே அதன் கவர்ச்சி. அழிக்காமல் வைத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் வந்ததும் முடிந்ததும் பதிலுக்குக் காத்திருப்பதும் ஒரே குவியலில் கிடக்கின்றன. முருகன் படமும் குடைக்கம்பியும் ஒன்றாகிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் தைப்பொங்கல் வரைக்கும் முடியாது. தேடும் இடத்தில் கடையின் பெயரை அடித்தால் அது அனுப்பிய முந்நூறும் வரிசையில் நிற்கும். மொத்தமாகத் தெரிவு செய்து அழிக்கலாம். அழிப்பதற்கு முன்னால் ஒன்றைத் திறந்து, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் "விலகு" என்பதைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே முளைக்கும். பில்லும் வங்கிக் கணக்கும் தேவைதான், ஆனால் கண்முன் வேண்டாம். அவற்றுக்கு ஒரு வடிகட்டி போட்டோம். வரும்போதே கம்பிக்குப் போய்விடும். கம்பி என்று நான் சொல்வதை ஜிமெயில் "காப்பகம்" என்கிறது. வேலை, பரீட்சை சம்பந்தப்பட்ட முகவரிகள் எந்தத் தட்டுக்கும் ஒதுங்காமல் முன்னால் வர இன்னொரு வடிகட்டி.

அவள் இருபது கோப்புறை திறந்து அடுக்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். 2011இல் ஐபிஎம் ஆய்வாளர்கள், 345 பேர் பழைய மின்னஞ்சலை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். கோப்புறை கோப்புறையாக அடுக்கியவர்கள், தேடுபெட்டியில் அடித்துத் தேடியவர்களை விட விரைவாகக் கண்டுபிடிக்கவில்லை. அடுக்கச் செலவான நேரம்தான் மிச்சம். தாத்தாவுக்கும் ஒரே கம்பிதான். வேண்டியதை விரலால் தள்ளித் தள்ளி எடுப்பார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. தப்பால் பை நாளைக்கு ஒரு தடவைதான் வரும். பை பிரித்த பிறகு யாரும் ஆபீஸ் வாசலில் நின்று எட்டிப் பார்க்கவில்லை, கொழுந்தெடுக்கப் போய்விட்டார்கள். இவளுடைய போன் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணியடித்தது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குஷ்லெவ், டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 124 பேரை ஒரு வாரம் நாளைக்கு மூன்று தடவை மட்டும் மின்னஞ்சல் பார்க்கச் சொன்னார்கள். அந்த வாரத்தில் அவர்களுக்கு மனஅழுத்தம் குறைந்தது என்று 2015இல் எழுதினார்கள். மணியை நிறுத்தினோம். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டாள். வேலை தேடும் பிள்ளைக்கு ஒரு தடவை போதாது.

இப்போது அவளுடைய இன்பாக்ஸில் பதில் போட வேண்டியது மட்டும்தான் இருக்குமாம். முந்தாநாள் காட்டினாள், ஏழு கிடந்தன. அதில் ஒன்று நான் அனுப்பியது.