மூன்றாவது ஊசிக்கு யார் கூப்பிடுவது?

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தொடையில் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டுவிடுவோம். பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில், ஹெபடைடிஸ் பி தடுப்பும் சேர்ந்த பெண்டாவேலன்ட். ஒரு தவணை தள்ளிப்போனால் கிராம சுகாதார செவிலியர் வீட்டு வாசலில் போய் நிற்பார். அதே பிரசவ அறையில் ரத்தம் தோய்ந்த துணியை அள்ளும் தூய்மைப் பணியாளர் அக்காவை அப்படித் தேடிப்போக ஆள் இல்லை. செவிலியரான என்னை உறுத்துவது இதுதான். பெண்டாவேலன்ட் தமிழகத்துக்கு வந்ததே 2011 டிசம்பரில். இன்று வேலைக்குப் போகும் வயதில் இருக்கும் பலர் இந்த ஊசியைப் பார்த்ததே இல்லை.

ஒருநாள் குப்பைப் பையைக் கட்டும்போது, யாரோ கட்டரில் வெட்டாமல் போட்ட ஊசி அக்காவின் விரலில் ஏறிவிட்டது. “சின்னக் குத்துதான் சிஸ்டர்” என்று விரலைப் பிதுக்கிக்கொண்டு நின்றார். பிதுக்கக் கூடாது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். “எய்ட்ஸ் வந்துருமா?” என்றுதான் கேட்டார். எச்.ஐ.வி. உள்ள நோயாளிக்குக் குத்திய ஊசி குத்தினால் அது தொற்றுவது 1,000-க்கு 3 பேருக்குத்தான். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குக் குத்திய ஊசி என்றால், தடுப்பூசி போடாதவர்களில் 100-க்கு 6 முதல் 30 பேர் வரை. காய்ந்த ரத்தத்திலும் 7 நாள் பிழைத்திருக்கும் வைரஸ் அது. அன்றே முதல் ஊசியைப் போட்டு, ரத்தப் பரிசோதனைக்கும் இம்யூனோகுளோபுலினுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

காமாலைக்குக் கீழாநெல்லி இருக்கிறதே என்பார்கள். ஆனால் இந்த வைரஸ் பலருக்குக் கண்ணில் மஞ்சளே காட்டாமல் ஈரலில் தங்கி, பல வருடம் கழித்து ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படும். அதனால்தான் லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ் செய்துகொள்பவர், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர், ஊசியில் போதை ஏற்றுபவர், பாசிட்டிவ் ஆன கர்ப்பிணியின் கணவர் என்று எல்லோரையும் கேட்டுக் கேட்டுப் போட வேண்டியிருக்கிறது. டயாலிசிஸ்காரர்களுக்கு மட்டும் அளவு இரட்டிப்பு. அவர்கள் உடம்பில் எதிர்ப்பு சக்தி சீக்கிரம் பிடிக்காது. ஏற்கெனவே தொற்று இருப்பது தெரிந்தால் ஊசியால் பயனில்லை. 2018-இல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சித் திட்டத்தில் மாத்திரை இலவசம்.

பெரியவர்களுக்கு முதல் ஊசி, 1 மாதத்தில் அடுத்தது, 6-ஆம் மாதம் மூன்றாவது. புஜத்தில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் கொழுப்பில் தங்கி, பலன் குறையும். இரண்டாவதற்கு வருகிறவர் மூன்றாவதற்கு வருவதில்லை. அதற்குள் தூய்மைப் பணியின் ஒப்பந்தமே மாறிவிடும். தாமதமானாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட ஊசியைப் போட்டால் போதும். இது தெரியாமலே பலர் “நாள் போயிருச்சே” என்று இருந்துவிடுகிறார்கள்.

தேதி சொன்னால் நினைவில் நிற்பதில்லை. அக்காவுக்கு ஆடியில் முதல் ஊசி. “ஆவணியில ஒண்ணு, பொங்கல் கழிச்சு ஒண்ணு” என்று சொல்லி, அவர் மகளின் போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன்.