எண்ணப்படாத புள்ளிகள்

பாடசாலை நாட்களில் நானும் வலைப்பந்து ஆடியவள். அன்று கிடைத்த சான்றிதழை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, 2024இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக கூடைப்பந்து வீராங்கனை கெயிட்லின் கிளார்க்கை உலகமே கொண்டாடியபோது, என் மனம் லினெட் வூடார்ட் என்ற மூத்த வீராங்கனையிடமே போனது.

1959இல் விச்சிட்டா நகரில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். சிறுவயதில் காலுறையைப் பந்தாகச் சுருட்டி சகோதரனோடு எறிந்து விளையாடினாராம். 1977 முதல் 1981 வரை கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக 3,649 புள்ளிகள் எடுத்தார். அப்போது மூன்று புள்ளிக் கோடு கிடையாது. பெண்களுக்கென்று சிறிய பந்தும் இல்லை, ஆண்களின் பந்துதான்!

ஆனால் அன்று பெண்களின் கல்லூரி விளையாட்டை நடத்தியது வேறொரு சங்கம். 1982இல் அது மறைந்தது. பொறுப்பை ஏற்ற பெரிய சங்கம், பழைய புள்ளிகளைத் தன் சாதனைப் பட்டியலில் பல்லாண்டுகள் சேர்க்கவேயில்லை. ஓடி வியர்த்தது யாருக்காக என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா?

படிப்பு முடிந்தபோது ஆடுவதற்கு நாட்டில் நிலையான தொழில்முறை லீக் இல்லை. இத்தாலிக்குப் போனார். 1984இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிக்குத் தலைவி. 1985இல் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியின் முதல் பெண். 1997இல் பெண்களுக்கான லீக் தொடங்கியபோது 38 வயதை நெருங்கியிருந்தார், அதிலும் ஆடினார்.

2024 பெப்ரவரி 28 அன்று கிளார்க் அந்த 3,649ஐத் தாண்டினார். நான்கு நாட்களின் பின், அயோவா அரங்கில் 64 வயது வூடார்ட் பார்வையாளராக அமர்ந்திருந்தார். கூட்டம் கைதட்டி அவரை வரவேற்றது.